ஒரே கொள்கலன், பல உரிமையாளர்கள்

ஜொகூர், பாசீர் கூடாங் துறைமுகத்துக்கு அருகே ஒரு கிடங்கில், பலரின் சிறு சரக்குகளை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்புவது என் வேலை. 20 அடிக் கொள்கலனில் சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு. முறுக்கு ஏற்றுமதி செய்பவரிடம் இருப்பதோ 2 கன மீட்டர்தான். அந்தப் பங்குக்கு மட்டும் அவர் கட்டினால் போதும்.

கட்டணக் கணக்குதான் சுவையானது. கன மீட்டர், டன் இரண்டில் எந்த எண் பெரிதோ அதற்கே கட்டணம். இலேசான முறுக்குக்கு இடக் கணக்கு. கனத்த திருகாணிக்கு எடைக் கணக்கு. இரண்டையும் கலந்து நிரப்பினால் எங்களுக்கு இலாபம். இரும்பு கீழே, முறுக்கு மேலே!

ஆனால் மாணவர்களே, ஒருவரின் ஆவணம் பிசகினாலும் சுங்கத் துறை முழுக் கொள்கலனையும் நிறுத்தக்கூடும். தீபாவளிக்குள் போய்ச் சேர வேண்டிய முறுக்கும் சேர்ந்தே காத்துக் கிடக்கும். அதனால் பெட்டிகளைத் தொடுமுன் எல்லோருடைய தாள்களையும் படித்துவிடுகிறேன்.