ஆயாக்களுக்கு ஒரு சங்கம் வேண்டாமா?

ஆவடி. காலை நேரம். சென்னைக்குப் போகும் மின்சார ரெயிலைப் பிடிக்க ஒரு தாய் ஓடுகிறாள். கைக்குழந்தை? அடுத்த தெரு ஆயாவிடம்!

அந்த ஆயாவுக்கே காய்ச்சல் வந்துவிட்டால்? தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகும்; ஆயாவுக்கும் கூலி போகும். குழந்தை தவறி விழுந்தாலோ, பழி முழுவதும் அவள் ஒருத்தி தலையில்தான்.

1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை உருட்டிவிட்ட ஊர் இது. தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. அவர் பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆயாவுக்கு மட்டும் வேண்டாமா?

சங்கத்தில் சேர்ந்தால் தன்னிடம் வரும் பிள்ளையை இன்னொருத்தி இழுத்துக்கொள்வாளோ என்று ஆயா பயப்படலாம். கூலி உயருமோ என்பது தாயின் கவலை. உயரத்தான் செய்யும், உயரட்டுமே! ஒருத்தி படுத்தால் மாற்றாள் வருவாள். குழந்தைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று நாலு பேர் கூடிக் கற்றுக்கொள்ளலாம்.

ஆமதாபாத்தில் இது நடந்திருக்கிறது. இலா பட் 1972-ல் தொடங்கிய 'சேவா' சங்கத்தின் முயற்சியால், 1986-ல் 'சங்கினி' கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. குழந்தைகளைப் பார்க்கும் பெண்களே அதில் பங்குதாரர்கள்.

தமிழ்நாட்டின் 1975-ம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி, 7 பேர் சேர்ந்தாலே சங்கம் பதிவு செய்யலாம். ஆவடியில் 7 ஆயாக்களா கிடைக்கமாட்டார்கள்?