அப்பாவின் கணினியில் லினக்ஸ்

கணினி தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால், உறவினரின் கணினிக் கோளாறெல்லாம் அவர் தலையில்தான் வந்து விடியும். கண்ட தளத்திலிருந்து இறக்கிய ‘இலவச’ மென்பொருளை ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்தி நிறுவியதால் வந்தவை அவற்றில் பல. லினக்ஸ் இந்த வாசலை அடைக்கிறது. விண்டோஸுக்கென்று எழுதிய நிறுவல் கோப்பு அதில் நேரடியாக ஓடாது. வேண்டிய மென்பொருளை இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசசரும் வேண்டும். அதனாலேயே நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினிகள் ஓரங்கட்டப்படுகின்றன. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டுக்கு 4 ஜிபி ராம் இருந்தால் போதும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று அதன் திரையும் விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாகத் தெரியாது.

மாற்றுவதற்கு முன் அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். யூடியூப், மின்னஞ்சல், வங்கித் தளம் என்று பிரௌசரோடு முடிகிறவருக்கு லினக்ஸ் தாராளமாகப் பொருந்தும். விண்டோஸுக்கென்று எழுதிய டேலியில் கணக்கு எழுதுபவரை மாற்றக் கூடாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் நிறுவ வேண்டும். இல்லையேல் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குப்பையே தெரியும். யூனிகோடில் எழுத தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு.

மின்டை முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, முக்கியமாகப் பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம். அப்பாவுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு. நிர்வாகிக் கடவுச்சொல் உதவுபவரிடம். புதுப்பிப்புகள் தானாக நடக்கும்படி அமைத்து, டைம்ஷிஃப்டையும் இயக்கிவிட வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நாளின் நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் இயல்பான அமைப்பில் அது குடும்பப் படங்களைக் காப்பதில்லை. அவற்றுக்குத் தனி நகல் அவசியம்.

முதல் சில வாரங்கள் அழைப்புகள் கூடத்தான் செய்யும்; ரஸ்ட்டெஸ்க் போன்ற தொலை உதவிச் செயலி அப்போது கைகொடுக்கும். ஓடிபி கேட்டு வரும் மோசடி அழைப்பையும் போலி வங்கிப் பக்கத்தையும் லினக்ஸால் தடுக்க முடியாது. அவற்றைப் பற்றி அப்பாவிடம் தனியே உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.