காய்ச்சல் விட்டுருச்சு, மூச்சு ஏன் இன்னும் வாங்குது?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஐப்பசி மழை பிடிச்சா கரிசக்காடு நனையும். கூடவே வீட்டுக்கு வீடு இருமலும் வந்துரும். தமிழ்நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் கூடுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் கிருமி நுரையீரலுக்குள் இறங்கி, ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போகும். 2009-ல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் பயந்ததும் இந்த ஃப்ளூவில் ஒரு வகைதான்.

அப்படிப் பிழைத்து வந்தவர்களில் சிலர் மூன்று மாதம் கழித்தும் சொல்வார்கள்: "காய்ச்சல் எப்பவோ விட்டுருச்சு. ரெண்டு குடம் தண்ணி தூக்கினா மேமூச்சு கீமூச்சு வாங்குது." வயசு, சோம்பல் என்று வீட்டில் தள்ளிவிடுகிறோம். அது நுரையீரலில் விழுந்த தழும்பாக இருக்கலாம்.

நம்ம மண்ணை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். நல்ல மண் பொலபொலன்னு இருக்கும், உள்ளே காற்றும் தண்ணீரும் இறங்கும். நுரையீரலும் அப்படித்தான். அதில் 30 கோடிக்கு மேல் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகள் உண்டு. அவற்றின் சுவர் மிக மெல்லிசு. அது வழியாகத்தான் காற்று ரத்தத்தில் கலக்கிறது. கடும் ஃப்ளூவில் இந்தச் சுவர் புண்ணாகி, பைக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. உடம்பு புண்ணை ஆற்ற நார் போட்டு அடைக்கிறது. அளவோடு போட்டால் ஆறிவிடும். அளவு மீறினால் அந்த இடம் டிராக்டர் மிதிச்ச நிலம் மாதிரி இறுகிப்போகும். காற்று உள்ளே போனாலும் ரத்தத்தில் சேராது.

நல்ல செய்தி என்னவென்றால், ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரிவதெல்லாம் நிரந்தரத் தழும்பு அல்ல. பெரும்பகுதி வீக்கம்தான், மாதக்கணக்கில் மெல்லக் கரையும். இறுகிப்போன தழும்பை முழுசாகக் கரைக்க மருந்து இல்லை. அதனால் ஆறுகிற அந்த மாதங்களில் நுரையீரலை மேலும் புண்ணாக்காமல் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிற வைத்தியம்.

இங்கேதான் நம்ம ஊருக்குச் சிக்கல். காய்ச்சல் விட்ட மறுவாரமே பட்டாசு ஆலைக்குக் கிளம்புகிறோம். கந்தகம், அலுமினியத்தூள், கரித்தூள் எல்லாம் மூச்சோடு போகிறது. கூலி போனா அடுப்பு எரியாதுங்கிறது நமக்கும் தெரியும். சில மாதத்துக்காவது மருந்து கலக்கிற வேலையை விட்டு, பெட்டி ஒட்டுவது போன்ற வேலையைக் கேட்டுப் பாருங்கள். சீமைக்கருவேல மூட்டம் போடுகிற இடத்திலும், விறகடுப்புப் புகையிலும் நிற்க வேண்டாம். பீடி கூடவே கூடாது.

இயற்கை விவசாயம் செய்கிற நமக்கும் ஒரு வார்த்தை. மிளகாய்ச் செடிக்குக் கந்தகத்தூள் தூவுவது இயற்கை முறையில் அனுமதித்ததுதான். ஆனாலும் நுரையீரலுக்கு அது எரிச்சல்தான். பூசணம் பிடித்த வைக்கோல், காய்ந்த கம்போஸ்ட் இவற்றைக் கிளறும்போது கிளம்பும் பூஞ்சைத்தூள் தனியாகவே நுரையீரல் தழும்பை உண்டாக்கும். மேல்நாட்டு மருத்துவர்கள் அதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். தேறி வருகிறவர் அந்த வேலையையும், சோளம் கம்பு அடிக்கிற களத்துச் சுணையையும் வேறு ஆளிடம் விடட்டும். மற்றவர்களும் குப்பையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

தேறி மூன்று மாதம் ஆகியும் மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமல் விடாவிட்டாலோ அரசு மருத்துவமனை நெஞ்சகப் பிரிவுக்குப் போங்கள். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் பார்த்து, ஆறு நிமிஷம் நடந்தபின் மறுபடி பாருங்கள். மூன்று நாலு புள்ளி இறங்கினால் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு வாங்கித் தின்னாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுவது. மூக்கால் இழுத்து, விளக்குச் சுடர் ஆடணும், அணையக் கூடாது என்கிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவது. முட்டை, பயறு, நிலக்கடலை சாப்பிட்டுக் கரைந்துபோன சதையை மீட்பது.

கடைசியாக ஒன்று. நிலவேம்புக் கசாயம் குடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் காய்ச்சலோடு மூச்சு வாங்க ஆரம்பித்தால் கசாயத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இவர்கள் வருஷா வருஷம் மழைக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இறுகின நிலத்தைப் பதப்படுத்த நாலு வருஷம் பொறுக்கிறோம். நோயில் எழுந்து வந்தவருக்கு ஆறு மாதம் பொறுக்கலாமே.