ஈரல் தரும் முன்னறிவிப்பு: பெண்களும் நீரிழிவும்

புலம்பெயர்ந்த மண்ணில் எமது பெண்கள் தமக்கென ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். பலெர்மோ நகரின் மாடிவீடுகளில் முதியோரைப் பராமரிப்பதும், பிறர் இல்லங்களைத் துப்புரவு செய்வதும், பின்னர் தம் வீடு திரும்பிச் சமைப்பதுமாக அவர்களது நாள் கழிகின்றது. உடம்பில் நோவு தோன்றாதவரை வைத்தியரை நாடுவோர் குறைவு. எப்போதாவது இரத்தப் பரிசோதனை செய்தாலும், சீனியின் அளவை மட்டும் பார்த்துவிட்டு, "சலரோகம் இல்லை" என்ற நிம்மதியுடன் கடதாசியை அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். அதே கடதாசியில் ஈரலைப் பற்றிய இரண்டு மூன்று எண்களும் இருக்கின்றன. சில ஆண்டுகளின் பின் வரக்கூடிய நீரிழிவை அவை இன்றே உணர்த்தக்கூடும். அவற்றைப் பற்றி இவ்வாரம் நோக்குவோம்.

அந்த எண்கள் எவை?

ஈரல் கலங்களில் தொழிற்படும் நொதியங்கள் பல. அவற்றுள் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி., காமா ஜி.ரி. ஆகிய மூன்றும் ஆய்வுகூடங்களில் வழமையாக அளக்கப்படுவன. முதலிரண்டையும் இங்குள்ள வைத்தியர்கள் ‘திரான்சமினாசி’ என்பர், ஜி.பி.ரி., ஜி.ஓ.ரி. என்ற பழைய பெயர்களும் அறிக்கையில் இருக்கும். ஈரல் கலம் நலிவுறும்போது இந்நொதியங்கள் குருதியிற் கசிந்து, அவற்றின் அளவு உயர்கின்றது. தொற்று ஈரலழற்சி கண்டவர்களின் குருதியில் இவ்வாறு உயர்வு ஏற்படுவதை 1955இல் வெளிப்படுத்தியவர்கள் நேப்பிள்ஸ் நகரின் டி ரிட்டிஸ், கொல்தோர்த்தி, ஜுஸ்தி ஆகிய மூவர். இப்பரிசோதனையின் வரலாற்றில் நாம் வாழும் தென் இத்தாலிக்கும் பங்குண்டு.

ஈரலுக்கும் சீனிக்கும் என்ன உறவு?

ஈரல் ஒரு களஞ்சியம். உணவிலிருந்து வரும் குளுக்கோசைச் சேமித்து வைத்து, இரவில் நாம் உண்ணாதிருக்கும்போது அளவாக வெளிவிடுகின்றது. எவ்வளவு விடுவது என்பதைக் கட்டுப்படுத்துவது சதையி சுரக்கும் இன்சுலின். ஈரலிற் கொழுப்பு மிகுந்து படிந்தால், அது இன்சுலினின் கட்டளைக்குச் செவிசாய்ப்பது குறையும். தேவையற்ற வேளையிலும் சீனியை வெளிவிடும். சதையியோ மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்கும். இக்காலத்தில் சீனியின் அளவு சாதாரணமாகவே தோன்றலாம். சதையி களைத்த பின்னரே அது உயரும். இடைப்பட்ட ஆண்டுகளிற் கொழுப்பேறிய ஈரலிலிருந்து நொதியம் சிறிது சிறிதாகக் கசியலாம். நொதியம் நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே நிகழ்வதை எமக்கு அறிவிக்கின்றது.

பிரித்தானியாவின் 23 நகரங்களைச் சேர்ந்த, 60 முதல் 79 வயது வரையான பெண்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வு, 2009இல் தன் முடிவுகளை வெளியிட்டது. ஏ.எல்.ரி.யும் காமா ஜி.ரி.யும் உயர்ந்திருந்த பெண்களிடையே பின்னாளில் நீரிழிவு கூடுதலாகத் தோன்றியது. இவ்விரண்டில் காமா ஜி.ரி.யின் தொடர்பே வலுவாகக் காணப்பட்டது.

இது வெள்ளையருக்கு மட்டும் உரிய விடயம் என எண்ணவேண்டாம். இலங்கையின் றாகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரிடம் நடைபெற்று, 2009இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கொழுப்பேறிய ஈரல் இருப்பது தெரியவந்தது. அவர்களைப் பின்னர் மீண்டும் பரிசோதித்தபோது, அத்தகையோரிடையே புதிதாக நீரிழிவு தோன்றியமை மற்றையோரை விட அதிகமாக இருந்தது. நோர்வேயின் ஒஸ்லோ நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வொன்றோ, தெற்காசியப் பெண்களில் 27.5 வீதத்தினருக்கும் மேலைநாட்டுப் பெண்களில் 2.9 வீதத்தினருக்கும் நீரிழிவு இருந்ததாகக் கூறுகின்றது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் சிந்திக்கவேண்டிய வேறுபாடு இது.

பெண்ணுக்கு வேறு அளவுகோல்

ஏ.எல்.ரி.க்கு 40 அலகு வரை சாதாரணம் எனப் பல அறிக்கைகளில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் பெண்களுக்கு இவ்வளவு இயல்பாகவே ஆண்களை விடக் குறைவு. மிலான் நகரின் இரத்ததானம் செய்வோரை ஆராய்ந்த டானியேலே பிராத்தி குழுவினர், ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்பதே பொருத்தமான மேல் எல்லை என 2002இல் முன்மொழிந்தனர். அமெரிக்க இரையகக் குடலியல் கல்லூரி 2017இல் பெண்களுக்கு 19 முதல் 25 வரை என வகுத்தது. ஆகவே 35 எனக் காட்டும் ஓர் அறிக்கையில் எச்சரிக்கைக் குறி இல்லாதிருப்பினும், அப்பெண் வைத்தியரிடம் அதுபற்றி வினவுவது தகும். மறுபுறம், நொதியம் சரியாக இருந்தும் ஈரலிற் கொழுப்பு இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

பழியும் பச்சிலையும்

காமா ஜி.ரி. உயர்ந்தால் முதலில் எழும் கேள்வி, "மது அருந்துவீர்களா?" என்பதே. வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத பெண்ணுக்கு அது அவமானமாகப்படுகின்றது. அதிலும் மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் இருந்தால், கூச்சத்தால் அவள் வாய்மூடி வீடு திரும்புவதும் உண்டு. அக்கேள்வி எவரிடமும் கேட்கப்படுவதே. மது அருந்தாதோருக்கும் வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவுப் போக்கும் காரணமாக ஈரலிற் கொழுப்பு படியும். 2023இல் மருத்துவ உலகம் இந்நோயின் பெயரையே மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றத்துடன் அதனை இணைத்தது. பெண்கள் கூசவேண்டியதில்லை, கூடுமாயின் மொழி தெரிந்த மற்றொரு பெண்ணைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

ஈரல் என்றவுடன் காமாலை எனக் கருதிக் கீழ்காய்நெல்லியை அரைத்துக் குடிப்பது எம்மவர் வழக்கம். மஞ்சள் நிறம் தோன்றாமலே ஈரல் நலிவுறலாம். பச்சிலையோ மாத்திரையோ, எதை உட்கொண்டாலும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்; சில மருந்துகளும் நொதியத்தை உயர்த்தும். ஈரலழற்சி பி., சி. வைரசுகள் இல்லை என்பதையும் அவர் உறுதி செய்வார்.

செய்யக்கூடியவை

நொதியம் சற்று உயர்ந்திருந்தால், வெறும் வயிற்றுச் சீனியையும் ‘எமோகுளோபினா கிளிக்காத்தா’ எனும் பரிசோதனையையும் எழுதித் தருமாறு குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை முன்னெச்சரிக்கை நிலை. 126ஐ எட்டி, மறு பரிசோதனையிலும் அவ்வாறே இருப்பின் நீரிழிவு. கருவுற்ற காலத்திற் சீனி உயர்ந்திருந்த தாய்மாருக்கு ஆபத்து பலமடங்கு. அவர்கள் ஒழுங்காகப் பரிசோதிக்கவேண்டும். தெற்காசியப் பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுதலும் கவனத்திற்குரியது. வதிவிட அனுமதி இல்லாதோரும் எஸ்.ரி.பி. குறியீட்டைப் பெற்று அவசியமான சிகிச்சையை நாடலாம். அவர்களைப் பொலிசாருக்கு அறிவிப்பதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது.

சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்னெச்சரிக்கை நிலையில் இருந்தோர் உணவையும் நடையையும் சீர்செய்ததால் நீரிழிவு 28.5 வீதம் குறைந்தது. வேலை முடிந்து இரவு பத்து மணிக்குப் பிட்டும் சோறும் நிறைய உண்டு உறங்குவதைத் தவிர்த்தல், மரக்கறியையும் பருப்பையும் கூட்டுதல், இனிப்புப் பானங்களைக் கைவிடுதல் என்பன எவருக்கும் இயலும். வீட்டுவேலையே உடற்பயிற்சி எனச் சொல்லுவோர் உளர். நாள் முழுதும் குனிந்து நிமிர்வது களைப்பைத் தரும். ஆயினும் மூச்சு வாங்க விரைந்து நடக்கும் அரை மணி நேரம் தனியே வேண்டும். நேர்த்தி வைத்துப் பெலெகிரினோ மலையேறிப் புனித றொசாலியாவிடம் செல்லும் எமது பெண்களுக்கு நடை புதிதன்று. ஆண்டில் ஓரிரு நாள் ஏறும் அக்கால்கள், வாரத்தில் ஐந்து நாள் ‘போறோ இத்தாலிக்கோ’ கடற்கரையில் நடந்தாற் போதும். அந்த அரை மணி நேரம் சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது கணவன்மாரின் கடமை.

இன்றிரவே அலுமாரியைத் திறந்து அப்பழைய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வைத்தியரிடம் அடுத்த முறை செல்லும்போது அதையும் கொண்டு செல்லுங்கள்.