கார் துடைக்கும் ஆல்கஹால்

சென்ற மாதம் அல்சூரில் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் பக்கத்து வீட்டு இளைஞர் தம் காரைத் துடைத்துக் கொண்டிருந்தார். அருகே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேன் மூடியின்றி இருந்தது. அந்த நேரம் பார்த்து, காவலாளி கொசுவர்த்தி கொளுத்தத் தீப்பெட்டியை எடுத்தார். நான் போட்ட கூச்சலில் இருவருமே திடுக்கிட்டனர். "ஸ்பிரிட்தானே சார்!" என்றார் இளைஞர். அவருக்குச் சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

இது உபயோகமான பொருள்தான். பாலிஷ் போட்டபின் பெயின்டின் மேல் எண்ணெய்ப் படலம் தங்கும். அது சிறு கீறல்களை மறைத்துவிடும். மேலே பூசும் மெழுகையும் ஒட்டவிடாது. வெறும் தண்ணீர் எண்ணெயைக் கரைக்காது. இந்த ஆல்கஹாலோ நீரோடும் கலக்கும், எண்ணெயையும் கரைக்கும். துடைத்ததும் சுவடின்றி ஆவியாகிவிடும். ஸ்டிக்கர் பசையும் இதற்கு இளகும்.

ஆபத்தும் அந்த ஆவியில்தான். ரயில்வேயில் இருந்த நாளில், எந்தக் கரைப்பான் வந்தாலும் அதன் 'ஃப்ளாஷ் பாயிண்ட்' என்ன என்றே முதலில் கேட்போம். எந்த வெப்பநிலையில் அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றுமோ, அதுவே அந்த அளவு. மண்ணெண்ணெய்க்கு அது 35 டிகிரிக்கு மேல். இதற்குச் சுமார் 12 டிகிரிதான். பெங்களூரில் மார்கழிக் குளிரிலும் வெப்பம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இங்கே எந்நாளும் இது பற்றத் தயாராகவே இருக்கிறது. ஆவி காற்றைவிட இரு மடங்கு கனம். அடித்தளத் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்து தேங்கும்.

எனவே சில விதிகள்:

1. ஒரு பங்கு ஆல்கஹாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கொள்ளுங்கள். பெயின்டுக்கு அது போதும். தீப்பற்றும் அபாயமும் வெகுவாகக் குறையும்.

2. காற்றோட்டமான இடத்தில், நிழலில், எஞ்சின் ஆறியபின் துடையுங்கள். கையுறை நல்லது.

3. புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்திலும், டாஷ்போர்டு மீட்டரின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும், தோல் இருக்கையிலும் படவேண்டாம்.

4. பிளீச்சிங் திரவத்துடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுப் பொருள்கள் உண்டாகும்.

5. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடித்தால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

இளைஞர் இப்போது காரை வெளியே மர நிழலில் நிறுத்தித்தான் துடைக்கிறார். காவலாளியும் தீப்பெட்டியை எடுக்குமுன் ஒருமுறை சுற்றிலும் பார்க்கிறார்.