பவளத் தொட்டியின் வரவும் செலவும்

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்போர் கால்சியத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் காரத்தன்மையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பவளத்தின் உடற்கூடு சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் கால்சியம். எனவே கால்சியத்தைச் சேர்த்தால் பவளம் வளரும் என்பது பொதுவான எண்ணம். பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு இந்தக் கணக்கில் ஒரு பாதி விடுபட்டிருப்பதாகவே தோன்றுகிறது.

சிங்கப்பூரில் என் மகள் வீட்டில் 200 லிட்டர் நீர் கொள்ளும் பவளத் தொட்டி ஒன்று உள்ளது. ஆண்டில் சில மாதங்கள் அங்கே தங்கும்போது அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. நம் ஊரில் இத்தகைய தொட்டிக்கு இடமில்லை. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அது சரியான முடிவு. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தியவர்கள் நாம். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம்.

தொட்டிக்கு வருவோம். காரத்தன்மை என்பது அமிலத்தை ஈடுகொடுத்துத் தாங்கும் நீரின் ஆற்றல். கடல்நீரில் இந்த ஆற்றலைத் தருபவை பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும்தாம். பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியத்துடன் இவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது, அதுவும் மாறாத விகிதத்தில்: லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் குறைந்தால், காரத்தன்மை 2.8 டிகேஎச் குறையும். வகுப்பறையில் நிரப்புப் பண்டங்களுக்கு இடக்கால் செருப்பையும் வலக்கால் செருப்பையும் எடுத்துக்காட்டுவோம். ஒன்றை மட்டும் குவித்துவைத்துப் பயனில்லை.

செலவு இணையாக இருந்தாலும் இருப்பு இணையாக இல்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இயற்கையான கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. காரத்தன்மையோ ஏறத்தாழ 7 டிகேஎச் மட்டுமே. மேற்சொன்ன அளவு செலவானால் கால்சியம் 420-இலிருந்து 400 ஆகும். ஐந்து விழுக்காடுகூடக் குறையவில்லை. காரத்தன்மை 7-இலிருந்து 4.2-க்கு இறங்கும், கையிருப்பில் நாற்பது விழுக்காடு போய்விட்டது. கால்சியத்தை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தெரியும். அதற்குள் பவளங்களின் நுனி வெளுத்துத் திசு உரியத் தொடங்கியிருக்கும். இழந்த திசு எளிதில் மீள்வதில்லை.

எனவே முதலில் அறிய வேண்டியது அன்றாடச் செலவு. எதையும் சேர்க்காமல் மூன்று நாள், தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளக்க வேண்டும். எங்கள் தொட்டியில் அது 8.4-இலிருந்து 6.3-க்கு வந்தது, அதாவது நாளொன்றுக்கு 0.7. இதே மூன்று நாளில் குறைந்திருக்கக்கூடிய கால்சியம் லிட்டருக்கு 15 மில்லிகிராம்தான். சொட்டுச் சொட்டாக விட்டு நிறமாற்றத்தைப் பார்க்கும் வீட்டுச் சோதனையில் அது பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துவிடும். 0.7 டிகேஎச்சை ஈடுசெய்ய 200 லிட்டருக்குச் சமையல் சோடா சுமார் 4.2 கிராம் போதும். அதற்கு இணையாக ஒரு கிராம் கால்சியம், கால்சியம் குளோரைடு வடிவில் தனியாகச் சேர வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் சுண்ணாம்பு வீழ்படிவாகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி இன்னும் பழையது: சுண்ணாம்புத் தெளிநீர். ஜெர்மன் மொழியில் 'கால்க்வாஸர்' என்பார்கள். தூய கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுத்திகரித்த நீரில் கலக்கித் தெளியவிட்டால், மேலே நிற்கும் தெளிவில் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் கேட்கும் அதே விகிதத்தில் இருக்கும். எங்கள் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டர் தேவை. ஆவியாகும் நீரை எப்படியும் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் அந்த நீரையே தெளிநீராக்கிவிடலாம். வெற்றிலைக்குத் தடவும் கடைச் சுண்ணாம்பு ஆகாது. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தெளிநீரின் பிஎச் 12-க்கும் மேல் என்பதால், இரவில் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும்.

அளவை மிஞ்சுவதும் ஆபத்து. கடல்நீர் தன்னால் தாங்கக்கூடியதைவிட மிகுதியான சுண்ணாம்பை ஏற்கெனவே கரைசலில் வைத்திருக்கிறது. அது பொசுக்கென்று படியாமல் தடுத்து நிற்பது மெக்னீசியம். லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் அது இருக்க வேண்டும். அது குறைந்தால் நாம் கொட்டும் கால்சியமெல்லாம் வெப்பமூட்டியின் மீதும் மோட்டாரின் மீதும் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும். காரத்தன்மையை ஒரே நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தாமலிருப்பது நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். பிஎச் குறைந்தால் காரத்தன்மை குறைந்துவிட்டதாகக் கருதிச் சோடாவைக் கொட்டுகிறார்கள். குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்த அடுக்ககத்தில், நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவே நீரில் கரைந்து பிஎச்சைக் குறைக்கும். காரத்தன்மையோ அப்படியே இருக்கும். சன்னலைத் திறந்துவைத்தால் சில மணி நேரத்தில் பிஎச் உயர்வதை மகளுக்கு அளந்தே காட்டினேன். பெருங்கடல்களில் நிகழ்வதும் இதுதான். காற்றில் கூடிய கரியமில வாயுவால் கடலின் பிஎச் தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து ஏறத்தாழ 0.1 குறைந்துள்ளது. கால்சியத்துக்கு அங்கே பஞ்சமில்லை. கூடு கட்டத் தேவையான கார்பனேட்தான் குறைந்துவருகிறது.

நான் ஊர் திரும்பும்போது மகளிடம் விட்டுவருவது ஒரு குறிப்பேடு: நாள், நேரம், காரத்தன்மை. கால்சியத்துக்கு மாதம் ஒரு வரி போதும்.