ஓட்டப் பந்தயத்தில் இலக்கு நேரம்

ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானை நீங்கள் பார்த்திருக்கலாம். விடியும் முன்பே நேப்பியர் பாலத்தருகே புறப்படுபவர்கள் மெரினாவைக் கடந்து அடையாறு பக்கம் ஓடி வருவார்கள். அவர்களில் பலர் தமக்கென்று ஓர் இலக்கு நேரம் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு மாணவி 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுகிறாள் என்று கொள்வோம். 10 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "60 நிமிடம்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் தொலைவு கூடக் கூட, உடலால் அதே வேகத்தைக் காக்க முடிவதில்லை.

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். இரு தொலைவுகளின் விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும். தொலைவு இரு மடங்கானால், நேரம் 2.085 மடங்காகும். ஆகவே நம் மாணவிக்கு உரிய நேரம் 62 நிமிடம் 33 விநாடி.

சூத்திரம் சரிதானா? சோதித்துப் பார்ப்போம். உகாண்டா நாட்டு வீரர் ஜோஷுவா செப்டகெய் 2020 ஆகஸ்டில் 5,000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடினார். இதை 2.085-ஆல் பெருக்கினால் 26 நிமிடம் 15 விநாடி வருகிறது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் 10,000 மீட்டரை ஓடிய நேரம் 26 நிமிடம் 11 விநாடி. வேறுபாடு 4 விநாடிதான்!

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். இச்சூத்திரம் நீண்ட தொலைவுக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கே பொருந்தும். 100 மீட்டர் போன்ற குறுகிய ஓட்டங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அது சென்னைவாசிகளுக்கு மிக முக்கியம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 கிலோ கலோரி ஆற்றல் செலவாகிறது. 50 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 500 கிலோ கலோரி. இதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 400 கிலோ கலோரி, வெப்பமாக மாறுகிறது. இவ்வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை 9 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். உயிர் தாங்காது.

நம்மைக் காப்பது வியர்வை. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதுவே உள்ளுறை வெப்பம். 400 கிலோ கலோரியை வியர்வை ஒன்றே நீக்குவதாயின், சுமார் 700 கிராம் ஆவியாக வேண்டும். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. எலியட்ஸ் கடற்கரையில் ஓடுபவரின் சட்டை நனைந்து சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சொட்டும் வியர்வை குளிர்ச்சி தருவதில்லை. ஆவியாகும் வியர்வையே தரும்.

ஒரு கிலோமீட்டரில் உண்டாகும் வெப்பம் வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. ஆனால் வேகம் கூடினால் ஒரு நிமிடத்தில் உண்டாகும் வெப்பம் கூடும். புழுக்கமான நாளில் இலக்கை நீட்டி, மெதுவாக ஓட வேண்டும் என்பது இதனால்தான். குளிர் நாட்டில் ஒருவர் ஓடிய நேரத்தை மே மாதச் சென்னையில் எட்ட முயல்வது ஆபத்து. தலைசுற்றலோ குமட்டலோ நடுக்கமோ தோன்றினால், இலக்கை மறந்து, உடனே நின்று, நிழலுக்கு வந்து உதவி கேளுங்கள்.

இனி நீங்களே செய்து பாருங்கள். உங்கள் பள்ளி ஓடுபாதை 200 மீட்டர் என்றால், 10 சுற்று 2 கிலோமீட்டர். காலை வேளையில் ஓடி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரப் பயிற்சிக்குப் பின் 4 கிலோமீட்டர் ஓடுங்கள். முதல் நேரத்தை 2.085-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். இரு நாள்களின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். விடை பொருந்தாவிட்டால், காரணம் அந்தக் குறிப்பிலேயே இருக்கக்கூடும்.